இரண்டு வருடம் மிச்சமா?

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போதெல்லாம் எம்.எஸ்சி. இல்லாமலே பி.எச்டி. சேரலாம், இரண்டு வருடம் மிச்சம் என்கிறார் சித்தப்பா. எங்கள் பேராசிரியை, "அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டாதே" என்கிறார். அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: எத்தனை வருடம், யார் பணம்? நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர்கூட எம்.எஸ்சி. படிக்கவில்லையே என்று எனக்கும் ஓர் ஆசை. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

சித்தப்பா சொல்வது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் கொண்டுவந்த விதி. நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்களுக்கானது. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. உங்களுடையது மூன்று வருடப் பட்டம். அதனால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

வருத்தப்பட வேண்டாம். அதைவிட நல்ல வழி ஒன்று முன்பிருந்தே இருக்கிறது. இன்டக்ரேட்டட் பி.எச்டி., அதாவது எம்.எஸ்சி.யும் பி.எச்டி.யும் ஒன்றாகச் சேர்ந்த படிப்பு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே தேர்வு வைக்கிறது. நம் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு ஜெஸ்ட் (JEST) என்ற தேர்வு. மூன்று வருட பி.எஸ்சி. போதும்.

ஆனால் மிச்சம் என்று ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வருடம் வகுப்பு, வீட்டுப்பாடம், பரீட்சை என்று முழுக்க எம்.எஸ்சி. பாடம்தான். எல்லாம் சேர்த்து ஆறேழு வருடம் ஆகும். பேராசிரியை சொல்லும் அஸ்திவாரத்தை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள்: மாதாமாதம் உதவித்தொகை வரும். தொடக்கத்தில் குறைவு. ஆய்வில் இறங்கியபின் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை அளவுக்கு, அதாவது மாதம் 37,000 ரூபாய் வரை கிடைக்கும்.

சந்திரசேகர் விஷயத்துக்கு வருகிறேன். 1930இல் மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, பத்தொன்பது வயதில் கப்பலேறி, 1933இல் கேம்பிரிட்ஜில் முனைவரானார். சரிதான். ஆனால் அன்றைய சென்னை ஆனர்ஸ் இன்றைய பி.எஸ்சி. இல்லை. இரண்டு வருடம் இன்டர்மீடியட், அதன்மேல் மூன்று வருடம் ஆனர்ஸ். எம்.ஏ.வுக்குச் சமமாகவே அதை மதித்தார்கள். லயோலாவில் ஆனர்ஸ் முடித்த கணிதமேதை சி.எஸ். சேஷாத்ரி 1953இல் நேரே அந்த டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனதும் அந்தப் படிப்பின் பலத்தில்தான். அப்புறம், சந்திரசேகர் மாணவராக இருக்கும்போதே ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை எழுதியவர். அவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நான் எம்.எஸ்சி. முடித்துத்தான் ஆய்வில் சேர்ந்தேன். நான்காம் வருடம் வழிகாட்டி வெளிநாடு போய்விட்டார். வேறொருவரிடம் மாறியிருக்கலாம். ஆனால் ஒரே கணக்கோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட எனக்குப் பிடிக்கவில்லை என்பது அதற்குள் தெரிந்துபோயிற்று. விட்டுவிட்டேன். பிறகு சோறு போட்டது அந்த எம்.எஸ்சி.தான். அதனால் எங்கே சேர்ந்தாலும், நடுவில் விலகினால் முதுநிலைப் பட்டம் கையில் வருமா என்பதைச் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பிற்பாடு கல்லூரி வேலைக்குப் போனாலும் முதுநிலை எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பிடிக்குமா பிடிக்காதா என்று ஏழு வருடம் செலவழித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இரண்டு மாதம் போதும். இந்திய அறிவியல் அகாதெமியும் மற்ற இரண்டு அகாதெமிகளும் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஒரு விஞ்ஞானியோடு எட்டு வாரம் இருக்கலாம். இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள், இதுதான் சமயம். விண்ணப்பத்தோடு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மாடி கட்டாதே என்றாரே, அந்தப் பேராசிரியையிடமே கேளுங்கள்.