பல் மருத்துவரிடம் வாயைத் திறக்காத பிள்ளை: என்.எச்.எஸ்.ஸில் சிறப்புச் சிகிச்சை பெறுவது எப்படி?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, ஆட்டிசம் உண்டு, பேச்சு மிகக் குறைவு. பக்கத்தில் உள்ள பல் மருத்துவர் இரண்டு முறை முயன்றும் வாயைப் பார்க்க முடியவில்லை. சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன் என்றார். ஆறு வாரம் கழித்து, "தகவல் போதாது" என்று அந்தக் கடிதம் அவருக்கே திரும்பி வந்துவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்று கறுத்துத் தெரிகிறது, கொஞ்ச நாளாக அவன் இடது பக்கம் மெல்லுவதே இல்லை. எங்களோடு இருக்கும் கணவரின் தம்பிக்கு 34 வயது, டவுன் சிண்ட்ரோம். அவருக்கும் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. தனியாரிடம் போவதைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. தனியாரிடம் போக வேண்டியதில்லை, என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையிலேயே கிடைக்கும். ஆனால் முதலில் அந்த இடது பக்கத்தைப் பற்றிப் பேசிவிடுவோம்.

பேசாத பிள்ளை "வலிக்கிறது" என்று சொல்ல மாட்டான். ஒரு பக்கம் மெல்லாமல் விடுவது, இரவில் எழுந்து அழுவது, கன்னத்தில் தானே அடித்துக்கொள்வது, பிடித்த உணவைத் தள்ளிவிடுவது, இவையெல்லாம் அவன் வலியைச் சொல்லும் விதம். "ஆட்டிசம்தானே, இப்படித்தான் இருப்பான்" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறோம், மருத்துவர்களிலும் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே உங்கள் பல் மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காவிட்டால் என்.எச்.எஸ். உதவி எண் 111ஐ அழையுங்கள். வீக்கம் கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவினாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும் எதற்கும் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சாதாரண வலிக்கு, வயதுக்கு உரிய அளவில் சர்க்கரை இல்லாத பாரசிட்டமால் கொடுக்கலாம். 16 வயதுக்குள் ஆஸ்பிரின் கூடாது. கிராம்பு எண்ணெயும் வேண்டாம், சின்னப் பிள்ளையின் ஈறைப் புண்ணாக்கிவிடும்.

சரி, கடிதம் ஏன் திரும்பி வந்தது? அதைப் புரிந்துகொள்ள இந்தச் சேவையை யார், எப்படி ஏற்பாடு செய்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

இங்கிலாந்தில் இதைக் கமிஷனிங் என்பார்கள். கமிஷன் என்றதும் நமக்குத் தரகுதான் நினைவுக்கு வரும், இது வேறு. ஒரு பகுதி மக்களுக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு தேவை என்று கணித்து, அதைச் செய்யக்கூடிய கிளினிக்குகளிடமும் மருத்துவமனைகளிடமும் பொதுப் பணத்தில் ஒப்பந்தம் போடுவதுதான் கமிஷனிங். 2013 முதல் பல் சேவைகளுக்கு என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பே இதைச் செய்துவந்தது. 2023 ஏப்ரலிலிருந்து அந்தப் பொறுப்பு ஐ.சி.பி. எனப்படும் பகுதி வாரியங்களிடம் இருக்கிறது.

உங்கள் பக்கத்துப் பல் மருத்துவருக்கும் இப்படி ஒரு ஒப்பந்தம் உண்டு. 2006இல் வந்த முறைப்படி அவருடைய வேலை யு.டி.ஏ. என்ற யூனிட்டுகளில் கணக்கிடப்படுகிறது. ஒரு பரிசோதனைக்கு ஒரு யூனிட். பத்து நிமிடத்தில் வாயைக் காட்டிவிட்டுப் போகும் பிள்ளைக்கும் ஒன்றுதான், நாற்காலியில் உட்காரப் பழகவே மூன்று முறை வர வேண்டிய உங்கள் மகனுக்கும் ஒன்றுதான். இது நியாயமில்லை என்று பல் மருத்துவர்கள் வருடக்கணக்கில் சொல்லி வருகிறார்கள், நானும் அதையே சொல்வேன். உங்கள் மருத்துவர் அக்கறை இல்லாமல் கைவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நிதானமாகப் பார்க்கும் நேரத்துக்கு அவருடைய ஒப்பந்தத்தில் இடமில்லை.

அந்த நேரம் இருக்கிற இடம்தான் கம்யூனிட்டி டென்டல் சர்வீஸ். உடல், மனம், அறிவு, நடத்தை ஆகியவற்றில் கூடுதல் தேவை உள்ள பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்ப்பதற்கென்றே ஐ.சி.பி. பணம் கொடுத்து நடத்தும் என்.எச்.எஸ். சேவை இது. பெரும்பாலும் சுகாதார மையங்களில் இருக்கும். என்.எச்.எஸ். இங்கிலாந்து 2015இல் கூடுதல் தேவை உள்ள பெரியவர்களுக்கான ஸ்பெஷல் கேர் பல் மருத்துவத்துக்கும் 2018இல் குழந்தைகள் பல் மருத்துவத்துக்கும் வகுத்த தரநிலைகளில் சிகிச்சையின் சிக்கலை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலையை எந்தப் பல் மருத்துவரும் செய்ய வேண்டும். இரண்டாம் நிலைக்குக் கூடுதல் பயிற்சியும் அனுபவமும் உள்ளவர் வேண்டும். மூன்றாம் நிலை ஸ்பெஷலிஸ்டுக்கும், கன்சல்டன்ட் எனப்படும் மூத்த மருத்துவமனை நிபுணருக்கும் உரியது. அனுப்பும் கடிதம் வந்ததும் அதைப் படித்து எந்த நிலை என்று பிரிப்பார்கள். நோயாளியைப் பார்ப்பதில்லை, கடிதத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். "7 வயது, ஆட்டிசம், ஒத்துழைக்கவில்லை" என்று நான்கு சொல் இருந்தால் அவர்களால் எதையும் தீர்மானிக்க முடியாது. திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனவே கடிதத்தை மறுபடி அனுப்ப வைக்க வேண்டும், இம்முறை உங்கள் கைப்பட ஒரு பக்கத்தோடு. ஆட்டிசம் என்ற பெயரைவிட அவன் நடந்துகொள்ளும் விதம்தான் படிப்பவருக்கு உதவும். அறைக்குள் வந்தானா, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டானா? கண்ணாடிக் கருவி உதடு வரை போனதா? எந்தச் சத்தம், எந்த வாசனை, எந்த வெளிச்சம் அவனைக் கலங்கடிக்கிறது? எப்படிப் புரியவைப்பீர்கள், படம் காட்டியா, மகட்டன் என்ற எளிய கைச்சைகை முறையாலா, தமிழிலா? வலியின் அறிகுறி எந்தத் தேதியிலிருந்து, இரவில் எத்தனை தடவை எழுகிறான், எத்தனை நாள் பாரசிட்டமால் கொடுத்தீர்கள், பள்ளிக்கூடம் தவறியதா? இந்தத் தேதிகள்தான் அவசரத்தைக் காட்டும். வலிப்பு, இதயக் கோளாறு, ரத்தக்கசிவு நோய், தினசரி மருந்துகள், எடை, முன்பு மயக்க மருந்து கொடுத்ததுண்டா என்பதையும் விடாதீர்கள்.

எக்ஸ்ரே எடுக்க முடியாத பிள்ளைக்குப் பல்லின் படம் ஒன்று பெரிய உதவி. குளிக்கும்போதோ மடியில் மல்லாந்து படுத்துச் சிரிக்கும்போதோ போனில் எடுத்துவிடுங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. இதையெல்லாம் இணைத்து அனுப்பும்படி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள், அனுப்பியதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். சில பகுதிகளில் குடும்ப மருத்துவர், சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹெல்த் விசிட்டர், பள்ளி நர்ஸ் ஆகியோரும் நேரடியாக அனுப்பலாம். உங்கள் பகுதிச் சேவையின் இணையப் பக்கத்தில் அந்த விவரம் இருக்கும்.

கடிதம் ஏற்கப்பட்டதும் முதல் நேரம் பெரும்பாலும் பேசிப் பார்ப்பதற்குத்தான், அன்றே சிகிச்சை நடக்காது. அதில் ஏமாற வேண்டாம். போகும் முன் கிளினிக்கை அழைத்துக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: நாளின் முதல் அப்பாயின்ட்மென்ட், கூட்டமில்லாத அறை அல்லது காரிலேயே காத்திருந்து போன் வந்ததும் உள்ளே போவது, அறையின் படங்களை முன்கூட்டியே அனுப்புவது. இவையெல்லாம் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி அவர்கள் செய்துதர வேண்டிய நியாயமான மாற்றங்கள். சலுகை கேட்பதுபோலத் தயங்க வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். பெரிய பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் பதிலாக அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையைக் கூட்டி வருவார்கள். சட்டப்படி பெற்றோர் பொறுப்பு உள்ளவர்தான் சிகிச்சைக்குச் சம்மதம் தர முடியும். அம்மம்மா வந்தால் பார்க்கலாம், பேசலாம், சிகிச்சை தள்ளிப்போகும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள் அப்படி வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை.

என்ன சிகிச்சை செய்வார்கள்? சொத்தையைப் பொறுத்தது. ஆரம்ப நிலையாக இருந்தால் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்து, அது மேலே பரவாமல் நிறுத்தலாம். சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பால்பல் கடைவாய்ப் பல்லுக்கு எஃகுத் தொப்பி போடும் ஹால் முறை உண்டு. ஊசி இல்லை, துளைப்பதும் இல்லை. எதையும் வாயில் விடாத பிள்ளைக்கு இவைகூட நடக்காது. மூக்கு வழியாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு பயந்த பிள்ளைக்கு நல்ல உதவி, ஆனால் முகமூடியை வைத்துக்கொள்ள அவன் சம்மதிக்க வேண்டும். கடைசியில் முழு மயக்கம். 2002 முதல் இங்கிலாந்தில் பல் சிகிச்சைக்கான முழு மயக்கம் மருத்துவமனையில் மட்டும்தான் கொடுக்கப்படுகிறது.

இந்த மயக்கச் சிகிச்சையைப் பற்றிப் பெற்றோர் மனத்தில் ஒரு அதிர்ச்சி எப்போதும் உண்டு: "ஒரு பல்லுக்காகப் போனோம், நான்கைப் பிடுங்கிவிட்டார்கள்." காரணம் இதுதான். ஒவ்வொரு மயக்கமும் ஒரு ஆபத்து, ஒரு நீண்ட காத்திருப்பு. அடைத்தால் நிற்குமா என்று சந்தேகம் உள்ள பல்லை விட்டுவைத்தால், ஒரு வருடத்தில் அதே பிள்ளை மறுபடி அதே மேசைக்கு வருவான். எனவே ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடிக்கத் திட்டமிடுகிறார்கள், அது சரியான முடிவுதான். எந்தப் பல், ஏன், அடைக்க முடியாதா என்று சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவனுக்கு ரத்தப் பரிசோதனையோ காதுப் பரிசோதனையோ பாக்கி இருந்தால், அதே மயக்கத்தில் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். எல்லா இடத்திலும் முடியாது, ஆனால் கேட்டால்தான் யோசிப்பார்கள். அன்று வெறும் வயிறு என்றால் உண்மையிலேயே வெறும் வயிறு. பால் தேநீரும் சாப்பாடாகத்தான் கணக்கு.

காத்திருக்கும் மாதங்களில் பக்கத்துப் பல் மருத்துவரை விட்டுவிடாதீர்கள். நாற்காலியில் ஏறாவிட்டாலும் மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வணக்கம் சொல்லிவிட்டு வருவதே பழக்கம்தான். வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஃபுளோரைடு வார்னிஷ் பூச வேண்டும், அது சில நொடி வேலை. வீட்டில் அவனுக்குப் பின்னால் நின்று, தலையை உங்கள் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு துலக்குங்கள். புதினாக் காரம் பிடிக்காத பிள்ளைகளுக்கு மணமும் சுவையும் இல்லாத, நுரைக்காத பற்பசை கிடைக்கிறது. 1350 முதல் 1500 பி.பி.எம். ஃபுளோரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். துலக்கியபின் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். மூன்று பக்கமும் தலை உள்ள பிரஷ் இருந்தால் ஒரே இழுப்பில் பல் முழுதும் படும். படுக்கும் முன் மைலோ, நெஸ்டமோல்ட் போன்ற இனிப்புப் பானம் கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு மூன்று வாரப் பயணத்தில் பழக்கவும் முடியாது, பிறகு கவனிக்கவும் ஆள் இல்லை.

கடிதம் மறுபடி திரும்பினாலோ மாதங்கள் ஓடியும் பதில் இல்லாவிட்டாலோ சும்மா இருக்காதீர்கள். வலி கூடினால் புதுத் தேதிகளோடு கடிதத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், வரிசையில் இடம் மாறலாம். மருத்துவமனையில் கன்சல்டன்ட் தலைமையிலான சிகிச்சை என்றால் கடிதம் போனதிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற கெடு பொருந்தும். நோயாளிகளுக்கு ஆலோசனையும் உதவியும் தரும், மருத்துவமனையின் பால்ஸ் (PALS) அலுவலகத்தில் அதைக் கேட்கலாம். அதற்கும் அசையாவிட்டால் ஐ.சி.பி.க்கு எழுத்தில் முறையிடுங்கள். இதில் உங்கள் மகனைத் தாண்டியும் ஒரு பலன் உண்டு. அடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை மயக்கச் சிகிச்சை நாட்கள், எத்தனை ஸ்பெஷலிஸ்டுகள் என்று தீர்மானிக்கும்போது கையில் இருக்கும் கணக்குகளில் ஒன்று, எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள் என்பது. திரும்பி வந்த கடிதத்தை அப்படியே விட்டுவிட்ட குடும்பம் அந்தக் கணக்கில் இருக்காது.

உங்கள் கணவரின் தம்பிக்கு வருவோம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குச் சொத்தையைவிட ஈறு நோய்தான் பெரிய எதிரி, இளவயதிலேயே தீவிரமாக வரும். ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும், எனவே இதயம் பற்றிய பழைய கடிதங்களையும் எடுத்து வையுங்கள். பெரியவர்களுக்கான இந்தத் துறை ஸ்பெஷல் கேர் டென்டிஸ்ட்ரி. 2008இல்தான் இங்கே தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது. உங்கள் மகனுக்குப் 18 வயது வரை என்.எச்.எஸ். பல் சிகிச்சை இலவசம், இவருக்கு அப்படி இல்லை. மாற்றுத்திறன் என்பதற்காக மட்டும் கட்டண விலக்கு கிடைப்பதில்லை. அவர் பெறும் உதவித்தொகை எது என்பதைப் பொறுத்தோ, குறைந்த வருமானச் சான்றிதழ் மூலமோதான் கிடைக்கும். இல்லாத விலக்கைப் படிவத்தில் குறித்துவிட்டால் அபராதம் வரும்.

சம்மதமும் வேறு. வயது வந்தவருக்காக அண்ணனோ அண்ணியோ கையெழுத்திட முடியாது. அவரால் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடியுமா என்று 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி மருத்துவர் முதலில் பார்ப்பார். முடியாவிட்டால் உங்களையும் கலந்து, அவருக்கு எது நல்லதோ அதைத் தீர்மானிப்பார். அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவார் என்பதை உங்களைவிட நன்றாகச் சொல்ல யாரும் இல்லை.

கம்யூனிட்டி டென்டல் சர்வீஸ் பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்ப்பதால், இருவரின் கடிதங்களையும் ஒரே நாளில் அனுப்பச் சொல்லலாம். பின்னாளில் இருவருக்கும் அடுத்தடுத்து நேரம் கேட்டால் உங்களுக்கு ஒரு பயணம் மிச்சம். மகனின் முதல் வருகைக்கு மட்டும் அவனைத் தனியாகக் கூட்டிப் போங்கள்.