வால்மீனின் மறுவருகையை எப்படி அறிகிறார்கள்?

கேள்வி: புதிதாக ஒரு வால்மீன் தென்பட்டதும், அது மீண்டும் வரக்கூடியதா என்பதை எப்படிக் கண்டறிகிறார்கள்? பல ஆண்டுகள் கழித்து வந்திருப்பது அதே வால்மீன்தான் என்று எவ்வாறு உறுதி செய்கிறார்கள்?

பதில்: தோற்றத்தைக் கொண்டு வால்மீனை அடையாளம் காண முடியாது. ஒரு வருகையில் நீண்ட வாலுடன் தெரிந்தது, அடுத்த வருகையில் மங்கிய புகைத்திட்டாக மட்டும் தெரியலாம். ஆகவே அதன் பாதைதான் அதன் அடையாளம். விண்மீன்களுக்கிடையே அது இருந்த இடத்தைப் பல இரவுகளில் துல்லியமாக அளந்து, சுற்றுப்பாதையைக் கணக்கிடுகிறார்கள். மூன்று அளவீடுகள் இருந்தாலே கணக்கைத் தொடங்கிவிடலாம். ஆனால் சூரியனுக்கு அருகில் திரும்பி வரும் நீண்ட நீள்வட்டப் பாதையும், திரும்பி வராத திறந்த பாதையான பரவளையமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளைவதால், திரும்பி வருமா என்பதைச் சொல்ல வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் பின்தொடர வேண்டியிருக்கும்.

என்கே வால்மீனின் வரலாறு இதை அழகாக விளக்குகிறது. 1818 நவம்பரில் பிரான்சின் மார்சே நகரிலிருந்து வானியலாளர் போன்ஸ் கண்ட வால்மீனின் பாதையை ஜெர்மானிய வானியலாளரான என்கே ஆராய்ந்தபோது, பரவளையம் பொருந்தவில்லை, சுமார் 3.3 ஆண்டுகளில் சூரியனைச் சுற்றிவரும் நீள்வட்டமே பொருந்தியது. அவ்வளவு குறுகிய காலத்தில் சுற்றுவது முன்பும் கண்ணில் பட்டிருக்க வேண்டுமே! 1786இல் மெஷானும், 1795இல் கரோலின் ஹெர்ஷலும், 1805இல் போன்ஸ் உள்ளிட்ட சிலரும் கண்டவை யாவும் இதே வால்மீன்தான் என்று நிறுவிய என்கே, 1822இல் அது மீண்டும் வரும் என்றும் அறிவித்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் ரூம்கர் அதைக் கண்டார். வால்மீனுக்குத் தம் பெயரே நிலைத்துவிட்டபோதும், அதைப் போன்சின் வால்மீன் என்றே என்கே குறிப்பிட்டு வந்தது அவருடைய பெருந்தன்மை.

கோள்களின் ஈர்ப்பைக் கணக்கில் சேர்த்த பிறகும், ஒவ்வொரு சுற்றிலும் என்கே வால்மீன் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்துகொண்டிருந்தது. விண்வெளியில் ஏதோ ஓர் ஊடகம் அதன் வேகத்தைத் தடுக்கிறது, அதனால் பாதை சுருங்கிச் சுற்றும் காலமும் குறைகிறது என என்கே கருதினார். 1950இல் அமெரிக்க வானியலாளர் விப்பிள் தந்த விளக்கமே பின்னர் ஏற்கப்பட்டது: வெயில் படும் பக்கத்தில் பனி ஆவியாகிப் பீறிடும்போது, அதன் எதிர்விசை வால்மீனைச் சிறிதளவு தள்ளுகிறது, வால்மீனின் நடுவிலுள்ள பனித்திரளான உட்கரு சுழலும் விதத்தைப் பொறுத்து அது முந்தவோ பிந்தவோ செய்யும். ஹாலி வால்மீன் இக்காரணத்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு நாள் தாமதமாகிறது.

அதனால்தான் ஒருமுறை கணித்ததோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு வருகையிலும் இயன்றவரை முன்கூட்டியே தேடிப்பிடித்து அளக்கிறார்கள். 1986இல் சூரியனை நெருங்கிய ஹாலியை, அது சனியின் சுற்றுப்பாதைக்கும் அப்பால் இருந்த 1982 அக்டோபரிலேயே அமெரிக்காவின் பாலோமர் மலையிலுள்ள, ஐந்து மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி படம்பிடித்துவிட்டது.