வேதியியல் படித்துவிட்டு ஸ்கேன் ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவுக்குப் பெட் ஸ்கேன் எடுத்தபோது, ஊசியில் ஏற்றிய மருந்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அதிலிருந்து அந்த ஆராய்ச்சிக்கே போக ஆசை. “ஸ்கேன் எல்லாம் டாக்டரும் இயற்பியல்காரரும் பார்க்கிற வேலை. பேசாமல் இமேஜிங் டெக்னாலஜி கோர்ஸில் சேர்” என்கிறார் மாமா. வேதியியலை விட்டுவிடவா? – வாசகி, விருதுநகர்

பதில்: விடாதீர்கள். நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கு வழியே அந்த வேதியியல்தான்.

அம்மாவுக்கு ஏற்றியது பெரும்பாலும் எஃப்.டி.ஜி.யாக இருக்கும். குளுக்கோஸின் இரண்டாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு, கதிரியக்க ஃபுளோரின்-18ஐ வைத்த மூலக்கூறு அது. புற்றுநோய்ச் செல்கள் பலவும் சர்க்கரை என்று நம்பி அதை அள்ளிக்கொள்கின்றன. உள்ளே போனதும் அதில் பாஸ்பேட் ஏறுகிறது. அந்த ஹைட்ராக்சில் இல்லாததால் அடுத்த படிக்குப் போக முடியாமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. படத்தில் ஒளிர்வது இப்படித் தங்கியதுதான். இதை யோசித்துச் செய்தவர்கள் வேதியியலாளர்கள். ஃபுளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், ஏறத்தாழ 110 நிமிடம். தயாரித்து, சுத்திகரித்து, தரம் பார்த்து, நோயாளியிடம் சேர்ப்பது வரை எல்லாமே அந்தக் கடிகாரத்தோடு ஓட வேண்டும். 1976இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாரித்ததை விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோய்த்தான் முதல் முறையாக மனிதருக்குச் செலுத்தினார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜோனா ஃபௌலர் கரிம வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். எம்.ஆர்.ஐ. படத்துக்கு வழி திறந்து, 2003இல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட பால் லாட்டர்பரும் வேதியியலாளரே. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அவர் சொல்லும் கோர்ஸ் ஸ்கேன் இயந்திரத்தை இயக்குபவருக்கானது. நல்ல வேலை, சீக்கிரம் சம்பளமும் வரும். ஆனால் ஊசிக்குள் இருக்கும் மூலக்கூறை உருவாக்க வேண்டும் என்றால் அந்த வழி அங்கே போகாது. நெட் அல்லது கேட் எழுதி, பிஎச்.டி.க்குப் போங்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அவருடைய ஆய்வகத்துக்கு ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவத் துறையோடு உண்மையான தொடர்பு உண்டா என்று விசாரியுங்கள். அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். எனக்கு இந்த இரண்டும் கல்லூரியின் பெயரைவிட முக்கியமாகப் படுகின்றன.

ஃபுளோரின்-18ஐத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இல்லாத ஊரில் இருக்கிறோமே என்று தயங்க வேண்டாம். அது தேவைப்படாத ஸ்கேன் மருந்துகளும் உண்டு. எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் கடோலினியம் என்ற உலோகம் தனியாக இருந்தால் நச்சு. அதைக் கீலேட்டாக, அதாவது வேறொரு மூலக்கூறு சுற்றிப் பிடித்துக்கொண்ட சேர்மமாக, கட்டிப்போட்டுத்தான் கொடுக்கிறார்கள். சிறுநீரகம் பழுதடைந்த சிலருக்குத் தோல் தடித்து இறுகும் கொடிய நோய் வந்ததற்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு உண்டு என்று 2006இல் தெரியவந்தது. அதன் பிறகு, பிடி தளரும் நேர்கோட்டுக் கீலேட்டுகளை விட்டு, உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும் வளையக் கீலேட்டுகளுக்கு மருத்துவர்கள் மாறினார்கள். வகுப்பில் நீங்கள் படித்த அணைவுச் சேர்ம வேதியியல் அத்தனை பேருடைய உயிரோடு சம்பந்தப்பட்டது! இத்தகைய கீலேட்டுகளையும் ஒளிரும் சாயங்களையும் சாதாரண ஆய்வகத்திலேயே தயாரிக்கத் தொடங்கலாம்.

கடினமானதையும் சொல்ல வேண்டும். பிஎச்.டி.க்கு ஐந்தாண்டு போகலாம். நீங்கள் செய்யும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை எலியைத் தாண்டாது. கதிரியக்கப் பொருள்களை ஈயத் தடுப்புக்குப் பின்னால்தான் கையாள்வீர்கள், உடம்பில் படும் அளவைக் காட்டும் பட்டையும் அணிவீர்கள். வீட்டில் இந்தப் பயம் இருந்தால் விளக்கிச் சொல்லுங்கள்.

கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு இப்போதே உங்கள் பேராசிரியரிடம் போய், கீலேட் தயாரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியையும், கலவையைப் பிரித்துத் தூய்மை பார்க்கும் எச்.பி.எல்.சி. கருவியையும் அடுத்தவர் துணையில்லாமல் கையாளும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். பிஎச்.டி. நேர்காணலில் அதைத்தான் துருவிக் கேட்பார்கள்.