ஜி.ஹெச்சில் எதற்குக் காப்பீட்டு அட்டை?

கேள்வி: அப்பாவுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள். அங்கே எல்லாம் இலவசம்தானே? அட்டையைக் கொடுத்தால் ஐந்து லட்சமும் போய்விடுமா? எங்களிடம் அட்டை இல்லை. வாசலில் ஒருவர் 3,000 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறாராம். அப்பா பெயர் அண்ணன் ரேஷன் கார்டில் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 3,000 ரூபாயைப் பையிலேயே வையுங்கள்.

அட்டை கேட்பது உங்களிடம் காசு பிடுங்க அல்ல. ஜி.ஹெச்சின் சம்பளம், மருந்து எல்லாம் அரசு பட்ஜெட்டில் வருகிறது. செயற்கை மூட்டு மாதிரி விலை கூடிய சாமான்களை அதில் மட்டும் வாங்கி மாளாது. அட்டை இருந்தால், அந்த அறுவைக்கென்று நிர்ணயித்த தொகை காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வரும். பிரீமியம் கட்டுவது அரசு, காப்பீடு தருவது யுனைடெட் இந்தியா என்ற அரசு நிறுவனம், பணம் போய்ச் சேருவது அரசு ஆஸ்பத்திரி. எதற்கு இந்தச் சுற்று என்று என்னைக் கேட்காதீர்கள். நடுவில் ஜெராக்ஸ் எடுத்து அலைவது நோயாளி வீட்டுக்காரர்தான்.

ஐந்து லட்சம் என்பது குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கான காப்பீட்டு வரம்பு. இந்த அறுவைக்கான தொகை மட்டுமே அதில் கழியும்.

வாசல்காரர் செய்வது ஒன்றுமில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். அங்கே கட்டணம் கிடையாது. வருமானச் சான்றுக்கு இ-சேவையில் 60 ரூபாய். அடுத்து அவர், "ஜி.ஹெச்சில் மாசக்கணக்காகும், அட்டைக்கே செய்யும் பிரைவேட் இருக்கு" என்பார். அங்கே போனதும் "நல்ல மூட்டு" என்று மேல்பணம் கேட்பார்கள். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, திட்டத்தில் வரும் சிகிச்சைக்கு உங்களிடம் கை நீட்டக் கூடாது. நீட்டினால் 1800 425 3993 என்ற திட்டத்தின் எண்ணில் புகார் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரே முடிச்சு ரேஷன் கார்டு. அப்பா உங்கள் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினாலும் கணக்கில் அவர் அண்ணன் குடும்பம். பார்க்கப்போவது அண்ணன் வருமானம், உங்களுடையது அல்ல. இப்போது பெயரை நீக்கி உங்கள் கார்டில் சேர்க்கக் கிளம்பாதீர்கள். அதற்குள் அறுவைத் தேதி போய்விடும். அண்ணனே நேரில் வருவதுதான் வம்பில்லாதது. கார்டில் 'முருகேசன்', ஆதாரில் 'முருகேஷ்' என்று இருந்தாலே திருப்பி அனுப்புவார்கள். எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், அண்ணன் கார்டு எண்ணை மருத்துவமனைக் காப்பீட்டுக் கவுன்ட்டரில் சொல்லித் தேடச் சொல்லுங்கள். எப்போதோ முகாமில் பதிந்து, வீட்டில் எல்லோரும் மறந்துபோன அட்டை நிறைய உண்டு.