கத்திரி இலையைத் தைத்தது யார்?

கேள்வி: மாடித்தோட்டத்தில் கத்திரிச் செடியின் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்து ஒரு குட்டிக் குருவி கூடு கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் தேன்சிட்டு என்கிறார்கள். செடியில் மாவுப்பூச்சி வேறு. மருந்து அடிக்கலாமா? தொட்டியை நகர்த்தலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது தேன்சிட்டு இல்லை. தேன்சிட்டின் கூடு கொடியிலோ கம்பியிலோ பை போலத் தொங்கும், வாசல் பக்கவாட்டில் இருக்கும். இலையைத் தைப்பது பெரும்பாலும் தையல்சிட்டுதான். பெரும்பாலும் என்று இழுப்பதற்குக் காரணம், சாம்பல் கதிர்க்குருவியும் சில சமயம் இந்த வேலையைச் செய்யும். அதன் முட்டை செங்கல் நிறத்தில் பளபளக்கும். அதற்காக இலையை விரித்து முட்டையைத் தேட வேண்டாம், பறவையைப் பார்த்தாலே போதும். உச்சந்தலை துருப்பிடித்த செம்பழுப்பு, முதுகு பாசிப்பச்சை, வயிறு வெளுப்பு, வாலை எப்போதும் தூக்கியே வைத்திருக்கும் என்றால் தையல்சிட்டு. எடை பத்து கிராம்கூட வராது, ஆனால் குரல் தெருமுனை வரை கேட்கும். ட்விட் ட்விட் என்று விடாமல் கத்தும்போது கழுத்தின் இரு பக்கமும் ஒரு கருந்திட்டு தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு நடுவால் இறகுகள் ஊசி போல நீண்டிருக்கும்.

தையல் வேலை பெரும்பாலும் பெண்ணுடையது. இலை விளிம்பில் அலகால் பொத்தல் போட்டு, பஞ்சையோ நாரையோ சிலந்தி நூலையோ அதில் நுழைத்து இழுக்கும், முடிச்சுப் போடாது. வெளியே வந்த நுனி பஞ்சாக விரிந்து பொத்தலில் சிக்கிக்கொள்வதால்தான் தையல் பிரியாமல் நிற்கிறது. இலை பச்சையாகவே இருப்பதால் பூனைக்கும் செம்போத்துக்கும் கூடு எளிதில் கண்ணில் படாது. தோட்டம், வேலி, புதர் என்று ஆள் நடமாட்டத்துக்கு நடுவிலேயே வாழ்கிற பறவை என்பதால் நீங்கள் வந்து போவதற்கெல்லாம் மிரளாது, ஆனால் கூடு இருந்த இடத்தில் இல்லையென்றால் குழம்பிப்போகும்.

அப்புறம் மருந்து. குஞ்சுக்குத் தாயும் தந்தையும் ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான், நீங்கள் தெளித்தது அப்படியே குஞ்சின் வாய்க்குள் போகும். (சிட்டு வந்துவிட்டது, இனி மாவுப்பூச்சியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) கூடு இல்லாத கிளைகளில் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள், காய் கனத்துச் செடி சாய்ந்தால் தள்ளி ஒரு குச்சி நட்டு முட்டுக் கொடுங்கள்.

வழக்கமாக மூன்று நான்கு முட்டை இருக்கும். பொரிக்கச் சுமார் 12 நாள், குஞ்சு வெளியேற இன்னும் இரண்டு வாரம். வெளியே வந்த முதல் நாட்களில் சரியாகப் பறக்கத் தெரியாமல் தரையில் உட்கார்ந்திருக்கும், உடனே அட்டைப்பெட்டியைத் தேடி ஓடாதீர்கள். பக்கத்துச் செடியில் தூக்கி வைத்துவிட்டு, பூனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும், தாய் தேடி வந்து ஊட்டும்.