நஞ்சுக்கொடி கீழ இருக்குன்னு சொன்னாங்க, பேசாம இருக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க, ரெண்டுமே ஆபரேஷன்தான். இப்ப மூணாவது, 22 வாரம். பிரைவேட் கிளினிக்ல ஸ்கேன் பண்ணப்ப நஞ்சு முன்பக்கமா கீழ இறங்கி இருக்குன்னு சொன்னாங்க. மாமியார் அது தானா மேல போயிடும்ங்கிறாங்க. வலி, ரத்தப்போக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த செக்கப் வரைக்கும் பேசாம இருக்கலாமா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இருக்காதீங்க தங்கச்சி. மாமியார் சொல்றது பொய் இல்ல, இந்த மாசத்துல கீழ தெரியுற நஞ்சு நிறைய பேருக்கு கர்ப்பப்பை வளர வளர மேல போயிடும்தான், ஆனா ரெண்டு ஆபரேஷன் ஆனவங்க அதையே நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது.

ஏன்னா உங்க பழைய தையல் இருக்கிறதும் அதே முன்பக்கம் கீழதான். கர்ப்பப்பைக்கும் நஞ்சுக்கும் நடுவுல இருக்க வேண்டிய மெல்லிசு படலம் தழும்பு உள்ள இடத்துல சரியா இருக்காது, அங்க நஞ்சு ஒட்டிச்சுன்னா சதைக்குள்ளயே இறங்கிடலாம், சிலருக்கு மூத்திரப்பை வரைக்கும் போயிடும். இதைத்தான் டாக்டருங்க அக்ரீட்டான்னு சொல்றாங்க. பிள்ளை பொறந்த பிறகு இந்த நஞ்சு தானா கழண்டு வராது, இழுத்தா ரத்தம் கொட்டும், நிமிஷக்கணக்குல தாய் உயிருக்கே ஆபத்தாயிடும்.

2006-ல அமெரிக்காவுல 30,000-க்கு மேல சிசேரியன் ஆன பெண்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. நஞ்சு கர்ப்பப்பை வாசலை மூடியிருந்து மூணாவது சிசேரியனுக்கு வந்தவங்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு இப்படி ஒட்டியிருந்துச்சாம். முதல் சிசேரியன்னா வெறும் 3 பேர்தான். உங்களை பயமுறுத்த சொல்லல, உங்களுக்கு மூடியிருக்கா இல்ல சும்மா கீழ இருக்கான்னு இன்னும் தெரியாது. ஆனா வலி இல்லங்கிறதை வச்சு மட்டும் நிம்மதியா இருந்துடாதீங்க, இது பெரும்பாலும் வலியே காட்டாது.

நல்ல விஷயம் என்னன்னா, பிரசவத்துக்கு முன்னாடியே இதை நிறைய பேருக்கு கண்டுபிடிச்சிடலாம். அனுபவமுள்ள ஸ்பெஷலிஸ்ட் ரத்த ஓட்டத்தைக் காட்டுற கலர் டாப்ளர் ஸ்கேன்ல பார்த்தா நஞ்சுக்குள்ள பூச்சி அரிச்ச மாதிரி ஓட்டைங்க, தையல் பக்கம் மெலிஞ்சு போன சதை, மூத்திரப்பை ஓரத்துல ரத்தக்குழாய்ங்க எல்லாம் தெரியும். சந்தேகமா இருந்தா எம்ஆர்ஐ எடுப்பாங்க.

அதனால இந்த வாரமே பிங்க் புக்கை (கர்ப்பகால செக்கப் புத்தகம்) எடுத்துக்கிட்டு கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) போங்க. பிரைவேட்ல குடுத்த அந்த சின்ன ஸ்கேன் படம் மட்டும் போதாது, ரிப்போர்ட் எழுதி வாங்கி புக்குக்குள்ளயே வைங்க. நர்ஸ் மிஸ்ஸிகிட்ட ரெண்டு ஆபரேஷன், நஞ்சு கீழ, ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுங்க, தனித்தனியா சொன்னா அதோட கனம் தெரியாம போயிடும். டாக்டர்கிட்ட "நஞ்சு பழைய தையல் மேல ஒட்டியிருக்கா?"ன்னு நேராவே கேளுங்க. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுக்கச் சொல்லுங்க.

அப்படி ஒட்டியிருந்தா 34-லருந்து 36 வாரத்துக்குள்ள தேதி குறிச்சு, ரத்தம் தயாரா வச்சுக்கிட்டு ஆபரேஷன் செய்வாங்க, நஞ்சை இழுக்காம கர்ப்பப்பையோட சேர்த்தே எடுக்க வேண்டி வரலாம். கேட்க கஷ்டமாத்தான் இருக்கும், வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போய் இதை முன்கூட்டியே பேசிடுங்க. இரும்பு மாத்திரையை விடாதீங்க.

நடுவுல கொஞ்சம் ரத்தம் பட்டாலும், அது நின்னுட்டாலும், விடியட்டும்னு வீட்டுல காத்திருக்காம உடனே 999 கூப்பிட்டு கெளம்புங்க, போனதும் நஞ்சு கீழ இருக்கு, உள்ள கை விட்டு சோதிக்க வேணாம்னு முதல்ல சொல்லிடுங்க.