எழுதி வாங்கிய அந்தக் காகிதம்

கேள்வி: சமூக நலத்துறையில் நிரந்தரப் பணியில் இருந்து, பெண்களுக்கான பாதுகாப்பு அலுவலர் பொறுப்பைப் பார்க்கிறேன். குடும்ப வன்முறை வழக்கு ஒன்றில், மனைவியைக் கணவர் வீட்டில் மீண்டும் குடியமர்த்தும்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) எனக்கு உத்தரவிட்டார். போனால் மாமியார் கேட்டைப் பூட்டிக்கொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினார். ஸ்டேஷனுக்குப் பலமுறை போன் செய்தும் யாரும் வரவில்லை. வண்டி கிடையாது, எல்லாம் சொந்தக் காசில் ஆட்டோ. கடைசியில் கணவன் மனைவி இருவரையும் அலுவலகத்துக்கு வரவழைத்துப் பேசி, மூன்று மாதம் அந்தப் பெண் தாய் வீட்டில் இருப்பது என்று எழுதி வாங்கினேன். இப்போது அவரே என் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு அரசுக்கு மனு கொடுத்திருக்கிறார். நான் லஞ்சம் வாங்கியதாகக் கணவர் தரப்பு வக்கீல் நோட்டீஸ் விடுகிறது. துறையில் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) குறிப்பாணையும் வந்துவிட்டது. ஓடி ஓடி உதவியதற்கு இதுதான் பலனா? கணவர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: மாமியார் ஏசியது, ஆட்டோ செலவு, நன்றிகெட்ட உலகம், எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். வழக்கில் இவற்றுக்கு மதிப்பில்லை. உங்கள் வழக்கு ஒரே காகிதத்தில் நிற்கிறது: நீங்கள் எழுதி வாங்கிய அந்த மூன்று மாத ஒப்புதல்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, பிரிவு 33-இன்படி, பாதுகாப்பு உத்தரவில் நடுவர் இட்ட பணியைத் தக்க காரணமின்றிச் செய்யத் தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்குத் தொடர பிரிவு 34-இல் முன் அனுமதி வேண்டும். அந்தப் பெண் கேட்டிருப்பது அதைத்தான். இங்கே உயிர்நாடி 'தக்க காரணம்' என்ற சொல். கேட் பூட்டியிருந்தது, போலீஸ் வரவில்லை என்பது தக்க காரணமே. ஆனால் அதை அன்றே நடுவருக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. போன் செய்தேன் என்கிறீர்கள். போன் காகிதம் ஆகாது.

எழுதியிருந்தால் வேலை எளிது. உத்தரவை நிறைவேற்ற உதவும்படி ஸ்டேஷன் பொறுப்பதிகாரிக்கு ஆணையிட பிரிவு 19(7) நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஒரு பக்க அறிக்கை போதும், மீதியை நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக நீங்கள் பஞ்சாயத்து செய்தீர்கள்.

இந்த இடத்தில்தான் நல்ல அதிகாரிகளே மாட்டிக்கொள்வதைப் பார்த்து வருகிறேன். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள், பேசினால் முடிந்துவிடும், எதற்கு மறுபடி கோர்ட் என்று நல்லெண்ணத்தில் உட்காருகிறார்கள். நடுவரின் உத்தரவை மாற்றவோ திருத்தவோ ரத்து செய்யவோ நடுவரால்தான் முடியும். அதுவும் சூழ்நிலை மாறிவிட்டது என்று அந்தப் பெண்ணோ எதிர்மனுதாரரோ பிரிவு 25(2)-இல் மனு செய்தால். பாதுகாப்பு அலுவலர் அந்தப் பட்டியலில் இல்லை. கலந்தாய்வுக்கு அனுப்புவதும் பிரிவு 14-இல் நடுவரின் வேலை, அதில் வரும் உடன்பாடும் நீதிமன்றத்துக்கே போக வேண்டும். ஆக, உங்கள் மேஜையில் வாங்கிய காகிதத்துக்குச் சட்டப்படி மதிப்பு இல்லை, உங்களுக்கு எதிரான சாட்சியமாக மட்டும் பயன்படும். கணவர் தரப்பு 'அவளே சம்மதித்துப் போனாள்' என்று அதைக் காட்டும். மனைவி தரப்பு 'அதிகாரி மிரட்டி வாங்கினார்' என்று அதையே காட்டும்.

நல்லெண்ணத்தில் செய்தேன், பிரிவு 35 காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். அந்தப் பாதுகாப்பு, 'இந்தச் சட்டத்தின் கீழ்' செய்த காரியத்துக்கு. சட்டம் கொடுக்காத சமரச அதிகாரத்தை நீங்களே எடுத்துக்கொண்டதற்கு அந்தக் குடையை நீட்டிப் பிடிப்பது கடினம்.

பிடித்துக்கொள்ள ஒரே ஒரு நூலிழை இருக்கிறது. பிரிவு 33 சொல்வது 'பாதுகாப்பு உத்தரவு', அதாவது பிரிவு 18-இன் உத்தரவு. வீட்டில் குடியமர்த்துவது போன்ற குடியிருப்பு உத்தரவு பிரிவு 19-இல் வருகிறது. உங்களுக்கு இட்ட கட்டளை எந்தப் பத்தியில் இருக்கிறது என்று சான்றிட்ட நகலை எடுத்துப் பாருங்கள். 19-இல் மட்டும் இருந்தால் வாதிட இடமுண்டு. இரண்டையும் நடுவர்கள் ஒரே பத்தியில் எழுதிவிடுவதும் உண்டு, அதனால் இதை நம்பித் தூங்க வேண்டாம்.

இப்போது பெரிய ஆபத்து இனிமேல் நீங்கள் செய்யக்கூடிய காரியத்தில் இருக்கிறது. யாராவது யோசனை சொல்வார்கள்: பழைய தேதியில் நடுவருக்கு ஓர் அறிக்கை அனுப்பியதாக, அலுவலகக் கடிதங்களைப் பதியும் தன்பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள், அப்புறம் அந்தப் பெண்ணிடம் 'எனக்குப் புகாரில்லை' என்று எழுதி வாங்கிவிடுங்கள் என்று. இரண்டையும் செய்யாதீர்கள். அனுப்புகை எண்ணும் நீதிமன்றப் பெறுதல் முத்திரையும் ஒத்துப்போகாவிட்டால் கடமை தவறல் பொய்ப் பதிவாக மாறிவிடும். பொது ஊழியர் தவறான பதிவு செய்வது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக்குற்றம். பிரிவு 33 வழக்கில் தப்பிக்க வழியிருக்கிறது, அதில் கிடையாது. புகார் கொடுத்த பெண்ணை நேரில் பார்ப்பதும் சாட்சியைக் கலைப்பதாகவே படிக்கப்படும்.

மானநஷ்ட வழக்கு வேண்டாம். லஞ்சம் என்ற வார்த்தைக்கு இரண்டு வரியில் மறுப்பு அனுப்பிவிட்டு விடுங்கள். வழக்குப் போட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அந்தக் காகிதத்தைப் பற்றியதாக இருக்கும்.

17(அ)-வில் வீறாப்பு காட்டாதீர்கள். அது சிறு தண்டனைக்கான குறிப்பாணை. நடுவருக்கு எழுத்தில் தெரிவிக்கத் தவறினேன் என்று ஒப்புக்கொண்டு, கேட் பூட்டியிருந்த தேதியையும் ஸ்டேஷன் அழைப்புகளின் பதிவையும் இணையுங்கள். கண்டனத்தோடு முடிந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பதவி உயர்வுப் பேனலில் கொஞ்சம் இடறும், போகட்டும். குற்றமே இல்லை என்று மல்லுக்கட்டி 17(ஆ) ஆகிவிட்டால் விசாரணை, பெரும் தண்டனை என்று வருடக்கணக்கில் இழுக்கும்.

அந்தத் தம்பதிக்கும் சமரசம் சாத்தியம்தான், உங்கள் மூலமாக அல்ல. வீட்டுக்குள் போக முடியாத பெண்ணுக்கு மாற்று வீடோ வாடகையோ தரும்படி பிரிவு 19(1)(எஃப்)-இல் நடுவர் ஆணையிடலாம். அவர்களின் வழக்கறிஞர்கள் மனு போட்டால் விஷயம் அங்கேயே தீரும். தீர்ந்துவிட்டால் உங்கள் மீதான மனுவின் காரமும் குறையும். இந்த யோசனையை நீங்கள் யாரிடமும் சொல்லக்கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது, குறிப்பாணைக்குப் பதில் தருவதற்கு முன்பே நடுவருக்கு இன்றைய தேதியிட்ட அறிக்கை. உத்தரவு நிறைவேறாத விவரம், அந்தக் காகிதத்தின் நகல், போலீஸ் உதவி கோரிக்கை மூன்றும் அதில் இருக்கட்டும். காகிதத்தை மறைக்காதீர்கள், அது ஏற்கெனவே கணவர் வக்கீலின் கோப்பில் இருக்கிறது.